பாபநாசத்துக்கு ரெயில் உண்டு... நம்ம பாபநாசத்துக்கு இல்லை! வி.கே.புரம் பயணிகள் கணக்கு எங்கே போகுது?

விக்கிரமசிங்கபுரம்:

ரெயில் டிக்கெட் எடுக்க கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ "பாபநாசம்" என்று தட்டிப் பாருங்கள். உடனே ஸ்டேஷன் பெயர் வந்து நிற்கும். ஆனால் அவசரப்பட்டு பணத்தைக் கட்டிவிடக் கூடாது. அது நெல்லை மாவட்டத்து பாபநாசம் இல்லை. தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் இருக்கிற பாபநாசம். அங்கே இறங்கினால் அகஸ்தியர் அருவி இருக்காது, காரையாறு இருக்காது. நம்ம ஊருக்கு வர இன்னும் 300 கிலோ மீட்டருக்கு மேல் பயணம் பண்ண வேண்டும்.

தாமிரபரணி மலையை விட்டு இறங்கும் இடத்தில் இருக்கிற பாபநாசத்துக்கும், அதை ஒட்டிய விக்கிரமசிங்கபுரத்துக்கும் ரெயில் நிலையம் கிடையாது. நகராட்சி இருக்கிறது. நூற்றாண்டைத் தாண்டிய மில் இருக்கிறது. அணை, மின் நிலையம், கோவில், அருவி எல்லாம் இருக்கிறது. தண்டவாளம் மட்டும் இல்லை. ரெயில் ஏற வேண்டும் என்றால் அம்பாசமுத்திரம்தான் போக வேண்டும். பத்து கிலோ மீட்டருக்கும் குறைவான தூரம்தான். ஆனாலும் வி.கே.புரத்தில் பாதிப் பேர் அம்பைக்குப் போகாமல் நேராக நெல்லைக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள்.

இது ஏன்? இதனால் நஷ்டம் யாருக்கு? அதைத்தான் கொஞ்சம் விவரமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பேர் ஒண்ணு... ஊர் வேற!

பெயர் குழப்பம் பாபநாசத்தோடு முடியவில்லை. நெல்லை-தென்காசி ரெயில் பாதையே பெயர் குழப்பத்துக்குப் பேர் போனது.

அம்பைக்கு அடுத்து கீழ ஆம்பூர் ஸ்டேஷன். வெளியூர்க்காரரிடம் ஆம்பூர் என்று சொன்னால் பிரியாணிக்கும் தோல் ஷூவுக்கும் பெயர் பெற்ற திருப்பத்தூர் மாவட்டத்து ஆம்பூரைத்தான் நினைப்பார். அங்கேயும் ஸ்டேஷன் உண்டு, சென்னை-ஜோலார்பேட்டை பாதையில். "கீழ" என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டால் டிக்கெட் மாநிலத்தின் இன்னொரு மூலைக்குப் போய்விடும்.

கடையத்தைத் தாண்டினால் மேட்டூர். காவிரி அணைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சேலம் பக்கம் இருப்பது மேட்டூர் அணை ஸ்டேஷன். இது பாவூர்சத்திரத்துக்கு முன்னால் வருகிற சின்ன ஸ்டேஷன்.

அதனால் வெளியூரில் இருக்கும் சொந்தபந்தங்களுக்கு வழி சொல்லும்போது "அம்பாசமுத்திரத்துக்கு டிக்கெட் எடு" என்று சொல்வதுதான் நல்லது. பாபநாசம் என்று மட்டும் சொன்னால் ஆள் தஞ்சாவூர் பக்கம் போய் முழிக்க வேண்டியிருக்கும்.

மில்லுக்குப் பிறகு வந்த ரெயில்

நெல்லைச் சீமைக்கு ரெயில் வந்தது 1876-ல். மதுரையில் இருந்து தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போன பாதையில், மணியாச்சியில் இருந்து நெல்லைக்கு ஒரு கிளை போட்டார்கள். அதே மணியாச்சி ஸ்டேஷனில்தான் 1911-ம் ஆண்டு ஜூன் 17-ந் தேதி செங்கோட்டை வாஞ்சிநாதன், கலெக்டர் ஆஷை சுட்டார். இன்று அந்த ஸ்டேஷனுக்கு வாஞ்சி மணியாச்சி என்று பெயர்.

பாபநாசத்தில் ஹார்வி கம்பெனி மில் தொடங்கியது 1880-களில். மலையில் இருந்து விழும் தண்ணீரின் வேகம்தான் மில்லை இங்கே இழுத்தது. அப்போது இந்தப் பக்கம் ரெயில் கிடையாது. பஞ்சு வருவதும், நூல் போவதும் ரோட்டு வழியாகத்தான். அந்தக் காலத்தில் ரோடு என்றால் மாட்டு வண்டிதான்.

அதற்குப் பிறகுதான் மேற்கே ரெயில் பாதை போட்டார்கள். 1902-ல் நெல்லையில் இருந்து கல்லிடைக்குறிச்சி வரை வந்தது. அடுத்த வருஷம், 1903-ல், கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பைக்கும் நடுவே தாமிரபரணியைத் தாண்டி செங்கோட்டை வரை போனது. 1904-ல் மலையைக் குடைந்து புனலூர் வழியாக கொல்லத்தோடு சேர்த்தார்கள்.

இங்கேதான் வி.கே.புரத்தின் தலையெழுத்து முடிவானது. பாதை போட்டவர்களின் குறி பாபநாசம் இல்லை, கொல்லம். திருவிதாங்கூர் சீமையையும் அரபிக்கடல் கரையையும் இந்தப் பக்கத்தோடு இணைப்பதுதான் திட்டம். மலையைத் தாண்ட வசதியான கணவாய் ஆரியங்காவில் இருக்கிறது. பாபநாசத்துக்குப் பின்னாலோ 6 ஆயிரம் அடிக்கு மேல் பொதிகை மலை சுவர் மாதிரி நிற்கிறது. அதனால் அம்பை வரை மேற்கே வந்த தண்டவாளம், அங்கிருந்து வடக்கே திரும்பி ஆழ்வார்குறிச்சி, கடையம் பக்கம் போய்விட்டது. வி.கே.புரம் பாதையின் ஓரத்திலேயே நின்றுவிட்டது.

மில்லில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை பார்த்த காலத்தில் இது பெரிய குறையாகத் தெரியவில்லை. வேலை ஊரிலேயே இருந்தது. சங்கு ஊதினால் ஷிப்டுக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். 1974-ல் மதுரா கோட்ஸ் என்று பெயர் மாறிய பிறகு காலம் போகப் போக மெஷின் கூடியது, ஆள் குறைந்தது. மில்லை நம்பி இருந்த குடும்பத்துப் பிள்ளைகள் திருப்பூர், கோவை, சென்னை, கேரளா என்று கிளம்பினார்கள். ரெயில் தேவை அப்போதுதான் உறைத்தது.

72 கிலோ மீட்டர் பாதை

நெல்லையில் இருந்து தென்காசி வரை 72 கிலோ மீட்டர். நெல்லை ஜங்ஷனை விட்டால் நெல்லை டவுன், பேட்டை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம். கிட்டத்தட்ட பாதி வழி அம்பை. அதன் பிறகு கீழ ஆம்பூர், ஆழ்வார்குறிச்சி, ரவணசமுத்திரம், கீழக்கடையம், மேட்டூர், பாவூர்சத்திரம், கீழப்புலியூர், தென்காசி.

பாரதியார் புதுச்சேரியை விட்டு வந்த பிறகு மனைவி செல்லம்மாள் ஊரான கடையத்தில் தங்கியிருந்ததும், நாதசுர சக்கரவர்த்தி அருணாசலம் பெயரால் காருகுறிச்சி புகழ் பெற்றதும் ஊருக்கே தெரிந்த விஷயங்கள். அப்படிப் பெயர் பெற்ற ஊர்களை எல்லாம் கோர்த்துக்கொண்டு போகிற பாதை இது.

நூறு வருஷத்துக்கு மேல் இது மீட்டர் கேஜ் பாதை. தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி. பிராட் கேஜில் அது 1,676 மில்லி மீட்டர். பெட்டி பெரிசு, வேகம் அதிகம், கூட்டமும் கூடுதலாக ஏறலாம். மதுரை, சென்னை பாதைகள் எல்லாம் அகலப்பாதை ஆன பிறகு, மீட்டர் கேஜ் பாதை தனித்தீவு மாதிரி ஆகிவிட்டது. அந்த ரெயிலும் இந்தத் தண்டவாளத்தில் வராது, இந்த ரெயிலும் அங்கே போகாது.

விருதுநகர்-ராஜபாளையம்-தென்காசி பாதை 2004-ல் அகலமானது. நெல்லை-தென்காசி பாதைக்கு 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வேலை நடந்த வருஷங்களில் இந்த வழியில் ரெயிலே ஓடவில்லை. அப்போது பஸ்சுக்குப் பழகிய கூட்டம் முழுசாக ரெயிலுக்குத் திரும்பவில்லை. செங்கோட்டை-புனலூர் மலைப்பாதை 2010-ல் மூடப்பட்டு 2018-ல்தான் திறந்தது. அதுவரை கேரளாவுக்கு இந்த வழியாகப் போகவும் முடியவில்லை.

அகலப்பாதை வந்தாச்சு... ரெயில் வந்துச்சா?

வந்தது. ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை என்பதுதான் பயணிகளின் ஆதங்கம்.

நல்ல செய்தியை முதலில் பார்ப்போம். புனலூருக்கும் பாலக்காட்டுக்கும் இடையே 2017-ல் தொடங்கிய பாலருவி எக்ஸ்பிரஸ், 2018-ல் மலைப்பாதை திறந்ததும் நெல்லை வரை நீட்டிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் தூத்துக்குடி வரை போனது. மலைப்பாதையில் 14 பெட்டிகளுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று இருந்த கட்டுப்பாடு தளர்ந்ததால், பெட்டிகளும் 18 ஆகக் கூடின. அம்பையில் ராத்திரி ஏறினால் கொல்லம், கோட்டயம், எர்ணாகுளம், திருச்சூர் என்று போய்விடலாம். கேரளாவில் கட்டிட வேலைக்குப் போகிறவர்களுக்கும், அங்குள்ள ஆஸ்பத்திரிகளுக்கு வைத்தியத்துக்குப் போகிறவர்களுக்கும் இந்த ரெயில் பெரிய உதவி.

சென்னைக்கு? தென்காசி, செங்கோட்டைக்காரர்களுக்கு பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ஆனால் அது ராஜபாளையம், விருதுநகர் வழியாக மதுரைக்குப் போகிறது. தென்காசியில் இருந்து சென்னைக்கு அதுதான் குறுக்கு வழி. சிலம்பு எக்ஸ்பிரசும் ராஜபாளையம், விருதுநகர் வழிதான். அதனால் அம்பை, சேரன்மகாதேவி பக்கம் இந்த ரெயில்கள் எட்டிப் பார்ப்பதில்லை.

2023-ம் ஆண்டு ஏப்ரல் 8-ந் தேதி பிரதமர் மோடி தொடங்கி வைத்த தாம்பரம்-செங்கோட்டை எக்ஸ்பிரஸ்தான் அம்பை வழியாகத் தலைநகருக்கு நேராகப் போகும் வசதியைக் கொடுத்தது. அதிலும் இரண்டு குறை. அது தினசரி ரெயிலாகத் தொடங்கவில்லை. போகிற வழியும் சுத்து வழி. நெல்லை, விருதுநகர், அருப்புக்கோட்டை, மானாமதுரை, காரைக்குடி, பட்டுக்கோட்டை, திருவாரூர், மயிலாடுதுறை என்று டெல்டாவைச் சுற்றிக்கொண்டு போகிறது. டெல்டா மக்களுக்கு அது வரப்பிரசாதம். அவசரமாக சென்னை போக வேண்டிய வி.கே.புரத்துக்காரர் யோசிக்கத்தான் செய்வார்.

திருப்பூர், கோவை பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு 2022 முதல் நெல்லை-மேட்டுப்பாளையம் வாராந்திர சிறப்பு ரெயில் அம்பை, தென்காசி, பழனி, பொள்ளாச்சி வழியாக விடப்பட்டது. சிறப்பு ரெயில் என்றால் கட்டணமும் கூடுதல், எப்போது வரை ஓடும் என்ற நிச்சயமும் இல்லை. அறிவிப்பு நீட்டிக்கப்பட்டால் உண்டு, இல்லை என்றால் இல்லை. வாரச் சம்பளம் வாங்குகிறவர் அதை நம்பி லீவு போட முடியாது.

இந்த நிலையில் நெல்லை ஜங்ஷனில் நிலைமையே வேற. சென்னையில் இருந்து நாகர்கோவில் வரை இரட்டைப் பாதை முடிந்துவிட்டது. நெல்லை-சென்னை வந்தே பாரத் 2023 செப்டம்பரில் வந்தது. சுமார் 650 கிலோ மீட்டரை 8 மணி நேரத்துக்குள் ஓடிவிடுகிறது. நெல்லை எக்ஸ்பிரஸ் தினமும் உண்டு. குமரி மாவட்டத்தில் இருந்து வரும் ரெயில்களும் உண்டு. இத்தனை ரெயில் இருக்கும்போது ஜனங்கள் நெல்லைக்குத்தானே போவார்கள்?

கணக்கு எங்கே போகுது?

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

ஒரு ஊருக்கு ரெயில் விடலாமா, ஓடுகிற ரெயிலை அங்கே நிறுத்தலாமா என்று முடிவு எடுக்க ரெயில்வே பார்ப்பது இரண்டு விஷயங்கள். அந்த ஸ்டேஷனில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், டிக்கெட் வருமானம் எவ்வளவு. ஸ்டேஷன்களைத் தரம் பிரிப்பதும் இதை வைத்துத்தான். 2017-க்குப் பிறகு வந்த முறையில் வருமானத்தையும் பயணிகள் எண்ணிக்கையையும் பார்த்துத்தான் வகை பிரிக்கிறார்கள். மேற்கூரை, குடிநீர், கழிப்பறை, பிளாட்பாரம் எல்லாம் அந்த வகைக்குத் தகுந்தபடிதான் கிடைக்கும்.

ஒரு எக்ஸ்பிரஸ் ரெயிலை இரண்டு நிமிஷம் நிறுத்தினால் என்ன குறைந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். ஓடுகிற ரெயிலை நிறுத்தி மறுபடி வேகம் எடுக்க மின்சாரம் செலவு, நேரமும் செலவு. அந்தச் செலவுக்கு ஈடாக டிக்கெட் விற்கிறதா என்று ரெயில்வே கணக்குப் போடும். பல ஊர்களுக்கு முதலில் பரிசோதனை நிறுத்தம் என்று சில மாதங்களுக்குக் கொடுப்பார்கள். டிக்கெட் விற்றால் தொடரும்.

இப்போது வி.கே.புரத்துக்காரர் என்ன செய்கிறார்? பஸ்சில் நெல்லைக்குப் போய் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறுகிறார். டிக்கெட்டில் "ஏறும் இடம் திருநெல்வேலி" என்று இருக்கிறது. ரெயில்வே கணக்கில் அவர் நெல்லைப் பயணி. அம்பை கணக்கில் அவர் இல்லவே இல்லை.

இப்படி வி.கே.புரம், சிவந்திபுரம், பாபநாசம், மணிமுத்தாறு, சிங்கம்பட்டி என்று மலையடிவாரத்து ஊர்ப் பயணிகள் எல்லாரும் நெல்லைக் கணக்கில் சேர்ந்தால் என்ன ஆகும்? அம்பையில் கூட்டம் குறைவு என்று காகிதத்தில் தெரியும். கூட்டம் குறைவு என்பதால் ரெயில் வராது. ரெயில் வராததால் ஜனங்கள் நெல்லைக்குப் போவார்கள். மறுபடியும் அம்பையில் கூட்டம் குறைவு என்று எழுதுவார்கள். கோழியா முட்டையா கதைதான்.

இதில் இன்னொரு ஓட்டையும் உண்டு. பக்கத்து ஊருக்குத்தானே என்று டிக்கெட் எடுக்காமல் பாசஞ்சரில் ஏறுகிறவர்கள். பிடிபட்டால் அபராதம், அது அவர் பாடு. பிடிபடாவிட்டாலும் நஷ்டம் ஊருக்குத்தான். பெட்டி நிறைய ஆள் இருந்தாலும் கணக்கில் அத்தனை பேரும் பூஜ்யம்.

முடிவு எடுக்கிற இடமும் தூரத்தில் இருக்கிறது. அம்பை ஸ்டேஷன் மதுரை கோட்டத்தில் வருகிறது. மதுரை பரிந்துரைக்கலாம். தெற்கு ரெயில்வே தலைமையகம் சென்னையில். புது எக்ஸ்பிரஸ் என்றாலும், எக்ஸ்பிரசுக்குப் புது நிறுத்தம் என்றாலும் டெல்லியில் ரெயில்வே வாரியம் கையெழுத்துப் போட வேண்டும். டெல்லியில் இருப்பவருக்கு வி.கே.புரம் தெரியாது. அவர் மேஜைக்குப் போவது அந்த எண்ணிக்கை மட்டும்தான்.

அரசியலிலும் பாதை இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. 2019-ல் தென்காசி தனி மாவட்டம் ஆனது. அம்பை நெல்லை மாவட்டத்தில், கடையமும் பாவூர்சத்திரமும் தென்காசி மாவட்டத்தில். அம்பைக்கும் தென்காசிக்கும் எம்.பி. தொகுதியும் வேறு வேறு. தென்காசிக்காரர்கள் ராஜபாளையம் வழி ரெயிலைக் கேட்டால் அவர்களுக்கு லாபம். அம்பை வழி ரெயிலுக்காக இரண்டு தொகுதியும் ஒரே குரலில் கேட்டால்தான் வேலை நடக்கும்.

பஸ்சா? ரெயிலா?

தினசரி வேலைக்குப் போகிறவருக்கு சென்னை ரெயிலை விட நெல்லை பாசஞ்சர்தான் முக்கியம். நெல்லை டவுன் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, ஜங்ஷன் ஓட்டல், பேட்டைப் பக்கத்து தொழிற்கூடம், பாளையங்கோட்டை கல்லூரி, ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி என்று போகிறவர்கள் கணக்கு வழக்கில்லை.

வி.கே.புரத்தில் இருந்து நெல்லைக்கு ரோட்டு வழியில் சுமார் 45 கிலோ மீட்டர். பஸ் அடிக்கடி உண்டு. வீட்டுப் பக்கத்திலேயே ஏறலாம். அதுதான் பஸ்சின் பலம். ஆனால் வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், ஜங்ஷனுக்கோ டவுனுக்கோ போக இன்னொரு பஸ் அல்லது ஆட்டோ பிடிக்க வேண்டும். ரெயில் என்றால் பேட்டையிலும் இறங்கலாம், டவுனிலும் இறங்கலாம், ஜங்ஷனிலும் இறங்கலாம்.

கட்டணத்தில் ரெயில்தான் மலிவு. கொரோனா காலத்தில் பாசஞ்சர் ரெயில்களை எக்ஸ்பிரஸ் சிறப்பு ரெயில் என்று பெயர் மாற்றி, குறைந்தபட்ச கட்டணத்தை 30 ரூபாய் ஆக்கினார்கள். பக்கத்து ஸ்டேஷனுக்குப் போனாலும் 30 ரூபாய். அப்போது பல பேர் ரெயிலை விட்டு பஸ்சுக்கு ஓடினார்கள். 2024 பிப்ரவரியில் மறுபடியும் 10 ரூபாய்க்குக் கொண்டு வந்தார்கள். சீசன் டிக்கெட் எடுத்தால் இன்னும் மிச்சம்.

பீடி சுற்றி வாரக்கூலி வாங்கும் பெண்களுக்கும், கடையில் நின்று மாதச் சம்பளம் வாங்கும் பிள்ளைகளுக்கும் இந்த மிச்சம் சாதாரணம் இல்லை. மாதத்துக்கு 25 நாள் போக வர என்று பெருக்கிப் பார்த்தால் ஒரு வாரத்து மளிகைச் செலவு கையில் நிற்கும்.

பிறகு ஏன் ரெயிலுக்குப் போகவில்லை? நேரம்தான் காரணம். இது ஒற்றைப் பாதை. ஒரு ரெயில் போனால் எதிரே வருவது கிராசிங் வசதி உள்ள ஸ்டேஷனில் காத்துக் கிடக்க வேண்டும். அதனால் நினைத்த நேரத்துக்கு எல்லாம் ரெயில் விட முடியாது. ஒரு பாசஞ்சரை விட்டால் அடுத்ததுக்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ராத்திரி 9 மணிக்கு கடை அடைத்துவிட்டு வருகிறவருக்கு ரெயில் உதவாது. அவர் பஸ்சைத்தான் நம்ப வேண்டும்.

அம்பை ஸ்டேஷனில் இறங்கிய பிறகு வி.கே.புரம் வருவது அடுத்த பாடு. 2021-ல் டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது பெரிய ஆறுதல். ஆனால் ரெயில் வரும் நேரமும் பஸ் கிளம்பும் நேரமும் ஒத்துப்போக வேண்டுமே! ரெயில் பத்து நிமிஷம் லேட் என்றால் பஸ் போயிருக்கும். ஆட்டோ பிடித்தால் ரெயிலில் மிச்சம் பிடித்த காசு அதிலேயே கரைந்துவிடும்.

ஆடி அமாவாசை கூட்டம்

வருஷத்துக்கு ஒரு முறை இந்தக் குறை ஊருக்கே வெளிச்சமாகும். ஆடி அமாவாசைக்கு காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும். குடும்பம் குடும்பமாக குடில் போட்டுத் தங்குவார்கள். அத்தனை பேரும் அம்பை, வி.கே.புரம் ரோடு வழியாகத்தான் மலையேற வேண்டும். வேன், கார், பஸ் என்று ரோடு திணறிவிடும். 2018 அக்டோபரில் தாமிரபரணி புஷ்கரம் நடந்தபோதும் பாபநாசம் படித்துறைக்கு வந்த கூட்டத்தை ஊர் மறந்திருக்காது.

கொஞ்சம் பேரையாவது ரெயிலில் அம்பைக்குக் கொண்டு வந்து, அங்கிருந்து பஸ்சில் ஏற்றினால் ரோட்டில் அவ்வளவு வண்டி நிற்காது. விழா நாட்களில் பாசஞ்சர் ரெயிலில் கூடுதல் பெட்டி சேர்ப்பதோ, ஒரு சிறப்பு ரெயில் விடுவதோ பெரிய செலவு இல்லை. திருச்செந்தூர் கந்த சஷ்டிக்குச் செய்வதைத்தான் இங்கேயும் கேட்கிறார்கள்.

தனிப் பாதை போட முடியுமா?

அம்பையில் இருந்து வி.கே.புரம் வழியாக பாபநாசத்துக்குத் தனியாகத் தண்டவாளம் போட்டால் என்ன என்ற ஆசை ஊரில் பலருக்கு உண்டு. ஆசை நியாயம்தான். ஆனால் நடைமுறையைப் பார்க்க வேண்டும்.

அந்தப் பாதை பாபநாசத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் போக வழி இல்லை. அதற்கு அப்பால் களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-ல் புலிகள் காப்பகம் ஆன காடு. மலையைக் குடைந்து கேரளாவுக்குப் போகவும் அனுமதி கிடைக்காது. முட்டுச்சந்தில் போய் நிற்கும் சின்னப் பாதைக்கு ரெயில்வே பணம் ஒதுக்குவது அபூர்வம். நடுவில் இருப்பது வயலும், வாய்க்காலும், நெருக்கமான வீடும். நிலம் எடுப்பது என்றால் வருஷக்கணக்கில் இழுக்கும்.

அதனால் வராத பாதைக்குக் காத்திருப்பதை விட, இருக்கிற அம்பை ஸ்டேஷனை வி.கே.புரத்துக்கும் சேர்த்து உபயோகமாக்குவதுதான் கெட்டிக்காரத்தனம்.

அதற்கு ஒரு முன்மாதிரி நம்ம மாநிலத்திலேயே இருக்கிறது. திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவே "கொடைக்கானல் ரோடு" என்று ஒரு ஸ்டேஷன். அது கொடைக்கானலில் இல்லை. அம்மையநாயக்கனூரில் இருக்கிறது. அங்கிருந்து மலைக்கு ரோட்டு வழியில்தான் போக வேண்டும். ஆனால் பெயரில் கொடைக்கானல் இருப்பதால், எங்கே இறங்க வேண்டும் என்று இந்தியா முழுக்க ஜனங்களுக்குத் தெரிகிறது.

அம்பை ஸ்டேஷனின் பெயரை மாற்ற வேண்டியதில்லை. பெயர் மாற்றம் என்றால் மாநில அரசு பரிந்துரைத்து மத்திய உள்துறை சம்மதிக்க வேண்டும். அது நீண்ட கதை. அம்பைக்காரர்கள் சும்மா விடுவார்களா என்பதும் கேள்விதான். "பாபநாசம், விக்கிரமசிங்கபுரம், மணிமுத்தாறு செல்வோர் இங்கே இறங்கவும்" என்று பிளாட்பாரத்தில் பளிச்சென்று ஒரு போர்டு வைக்கலாம். ரெயிலில் அறிவிப்பு செய்யலாம். இதற்குச் செலவு சொற்பம். தஞ்சாவூர் பாபநாசத்துக்கு தப்பாக டிக்கெட் எடுப்பதும் குறையும்.

என்ன செய்யலாம்?

அம்ருத் பாரத் திட்டத்தில் மேம்படுத்தப்படும் ஸ்டேஷன்கள் பட்டியலில் அம்பாசமுத்திரமும் இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் கட்டிடம் மட்டும் பளபளப்பாக இருந்தால் போதாது, ரெயிலும் வந்து நிற்க வேண்டும்.

முதலில் வேலைக்குப் போகும் நேரத்துக்கும் திரும்பும் நேரத்துக்கும் தகுந்த மாதிரி பாசஞ்சர் வேண்டும். காலையில் நெல்லையில் கடை திறக்கும் முன் சேர்வது, ராத்திரி கடை அடைத்த பின் கிளம்புவது. பகலில் இன்னொரு ரெயில் விடுவதை விட ராத்திரி அந்த ஒரு ரெயில்தான் கூலிக்காரருக்கு உதவும்.

அடுத்து, ரெயில் நேரத்தை ஒட்டி அம்பை ஸ்டேஷனில் இருந்து வி.கே.புரம், பாபநாசத்துக்கு இணைப்பு பஸ். இதை மாநில போக்குவரத்துக் கழகம்தான் செய்ய முடியும். பாபநாசத்திலேயே டெப்போ இருக்கிறது. டைம் கீப்பரும் ஸ்டேஷன் மாஸ்டரும் போனில் பேசிக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

தாம்பரம் ரெயிலைத் தினசரி ஆக்குவதும், மேட்டுப்பாளையம் ரெயிலை சிறப்பு என்ற நிலையில் இருந்து நிரந்தரம் ஆக்குவதும் டெல்லி செய்ய வேண்டிய வேலை. அதற்கு இரண்டு எம்.பி.க்களும் சேர்ந்து குரல் கொடுக்க வேண்டும்.

கடைசியாக நம்ம வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. அம்பையில் ஏற முடிகிற நாளில் அம்பையில் இருந்தே டிக்கெட் எடுக்க வேண்டும். பாசஞ்சரில் போனாலும் 10 ரூபாய் டிக்கெட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். சென்னைக்கு நெல்லையில் ரெயில் மாறிப் போவதாக இருந்தாலும், அம்பை வரை சேர்த்து டிக்கெட் எடுத்தால் கணக்கு அம்பைக்கு வரும்.

மனு கொடுக்கலாம், போஸ்டர் ஒட்டலாம், மறியல் பண்ணலாம். அதெல்லாம் ஒரு நாள் செய்தி. டெல்லி மேஜைக்குப் போகிற காகிதத்தில் மலையடிவாரத்து ஜனங்கள் எத்தனை பேர் என்பது டிக்கெட் எண்ணிக்கையாகப் போனால்தான் அதற்கு மதிப்பு. அதுவரை ரெயில்வே கணக்கில் நம்ம ஆட்கள் நெல்லைக்காரர்கள்தான், பாபநாசம் தஞ்சாவூர் பக்கத்து ஸ்டேஷன்தான்!